எம்.டி. முதல் வருஷம், எஸ்.சி.(ஏ) பிரிவு: தீசிஸ், டியூட்டி, ஆசிரியர் வேலை — இப்பவே என்னென்ன செஞ்சு வைக்கணும்?

நொய்யல்கரை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கமுங்க. மேற்கு மாவட்டத்து அரசுக் கல்லூரி ஒண்ணுல எம்.டி. பொது மருத்துவம். எஸ்.சி.(ஏ), அதாவது அருந்ததியர் உள் ஒதுக்கீடு. நான்-சர்வீஸ், அரசு வேலையில இல்லாம நேராப் படிக்க வந்த ஆள். வீட்டுல டாக்டர்னு யாரும் கிடையாது, துறைக்குள்ள தெரிஞ்சவங்களும் இல்லை. முடிச்சுட்டு ஆசிரியர் பக்கம் போகணும்ங்கிறதுதான் எண்ணம்.

தீசிஸுக்குக் கைடும் (வழிகாட்டிப் பேராசிரியர்) தலைப்பும் எப்படி அமைச்சுக்கிறது? "கோட்டா" பேச்சு வந்தா எப்போ எழுத்துல கொடுக்கணும், யாருக்குக் கொடுக்கணும்? டியூட்டிப் பட்டியல் ஒரே ஆள் தலையில விழுந்தா? வன்கொடுமைச் சட்டம் எந்த இடத்துல செல்லும், எந்த இடத்துல செல்லாது? அசிஸ்டென்ட் ப்ரொபசர் ஆக முதல் வருஷத்துலயே தொடங்க வேண்டியது எது? அமெரிக்காவுல கறுப்பின டாக்டர்கள் இதைப் பத்தி நிறைய எழுதறாங்க, அதுல நமக்கு ஒட்டறது ஏதாவது இருக்கா?

ஆறுதல் வேண்டாமுங்க. செய்முறை மட்டும் சொல்லுங்க.

பத்தாம் வார்டு

தம்பியா அம்மணியான்னு தெரியலை, பொதுவாவே சொல்றேன்.

எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) கையில என்ன இருக்கு, என்ன இல்லைன்னு மொதல்ல பிரிச்சுப் பார்த்துக்கோணும். எழுத்துத் தேர்வு நாலு தாள், தாளுக்கு 100. அதைத் திருத்தறது பல்கலைக்கழகம். செய்முறைத் தேர்வுக்குக் குறைஞ்சது நாலு தேர்வாளர், அதுல பாதி வெளியாளுங்க. தீசிஸை மூணு பேர் மதிப்பிடோணும், ரெண்டு பேர் வெளியே இருந்து. ஆக, உங்களைத் தேத்தறதும் கவுக்கறதும் தனி ஒரு ஆள் கையில இல்லை. அவர் கையில இருக்கறது கையெழுத்து. 80 சதவீத வருகைச் சான்று, லாக்புக், தீசிஸ், தேர்வுப் படிவம். தொந்தரவு வந்தா இந்த வழியாத்தான் வரும். யாரும் "முடியாது"ன்னு சொல்ல மாட்டாங்க, "அப்பறம் பாக்கலாம்"பாங்க. அதனால கையெழுத்தை எப்பவும் பாக்கி சேர விடாதீங்க.

லாக்புக்கை எடுத்துக்கோங்க. தேதி, ஐ.பி. (உள்நோயாளி) நம்பர், நோய், செய்முறை, அதுக்குப் பக்கத்துல உங்க பங்கு: பார்த்ததா, உதவினதா, மேற்பார்வையில செஞ்சதா, தனியாச் செஞ்சதா. கடைசிக் கட்டம் கையெழுத்து. நம்ம ஊர்ல முக்காவாசிப் பேர் மூணாவது வருஷம் தேர்வுக்கு முன்னால ரெண்டே ராத்திரியில ஒரே பேனாவுல எழுதி முடிக்கிறாங்க. மத்தவங்களுக்கு அது சோம்பேறித்தனம், அவ்வளவுதான். உங்களுக்கு அது நஷ்டம். ஆறு மாசத்துல சென்ட்ரல் லைன் சைபர், லம்பார் பங்க்சர் ரெண்டு, ஆனா டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் நூத்துக்கணக்குலன்னு வாரவாரம் கையெழுத்தோட ஒரு புத்தகம் காட்டுச்சுன்னா, அதுக்கு மேல புகார்ல ஒரு வார்த்தை சேர்க்க வேண்டியதில்லை. எந்த யூனிட் சீஃபும் ஒரு வாரத்துப் பக்கத்துல கையெழுத்துப் போட யோசிக்க மாட்டார். ஆறு மாசத்தை மொத்தமா நீட்டினா யாரா இருந்தாலும் யோசிப்பார்.

இனி தீசிஸ். 36 மாசக் கணக்குல பாருங்க. தீசிஸ் தேர்வுக்கு ஆறு மாசம் முன்னாடி போயாகோணும். தலைப்பு, நெறிக்குழு (எத்திக்ஸ் கமிட்டி) ஒப்புதல்னு முதல் ஆறு மாசம் போயிரும். எழுதவும் புள்ளியியலுக்கும் ஆறு மாசம் ஒதுக்குங்க. மிச்சம் 18. அதுலயும் மூணாவது, நாலாவது, அஞ்சாவது செமஸ்டர்ல ஒண்ணுல மாவட்ட ரெசிடென்சி, அதாவது மாவட்ட அளவு ஆஸ்பத்திரிப் பணி, மூணு மாசம் வரும். பொள்ளாச்சி, கோபி மாதிரி எங்காவது போட்டாங்கன்னா நோயாளி சேர்க்கறது அப்படியே நின்னுரும். கையில 15 மாசம்தான்.

இதுக்குள்ள அடங்கற சாம்பிள் வேணும். நம்ம ஆளுங்க எல்லாரும் போடறது 4பிக்யூ பை எல் ஸ்கொயர். பி-ங்கிறது நோய் இருக்கற சதவீதம், க்யூ 100-ல மிச்சம், எல் நாம ஒத்துக்கற பிழை அளவு. ஸ்பின்னிங் மில் தொழிலாளருக்கு நுரையீரல் பாதிப்பு 20 சதவீதம்னு முந்தைய ஆய்வு ஒண்ணு சொல்றதா வெச்சுக்குவோம். பி 20, க்யூ 80. எல் 5ன்னு போட்டா 256 பேர். எல் 7ன்னா 131. அதே எல்-ஐ "பி-யில 20 சதவீதம்"னு எடுத்தா 4 வரும், சாம்பிள் 400க்கு எகிறும். இந்த எல் என்னன்னு பேசி முடிக்காம சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) கொடுத்துட்டு 400 பேருக்கு மாட்டிக்கிட்டு முழிக்கறவங்க வருஷாவருஷம் இருக்காங்க. 131ன்னா மாசம் 9 பேர், ஓட்டிரலாம். கம்யூனிட்டி மெடிசின் துறை புள்ளியியல் ஆளைப் பார்த்து, எந்த எல், ஏன்னு சினாப்சிஸ்லயே ஒரு வரி எழுத வெச்சிருங்க. பிற்பாடு யாரும் "சாம்பிள் பத்தாது"ன்னு திருப்ப முடியாது.

தலைப்பு நம்ம மண்ணுல நிறைய கிடக்குது. மில் தூசி, பாம்புக்கடி, சாணிப்பவுடர் (சாணிக்குப் பதிலா வாசல் தெளிக்கற சாயப் பொடி) விஷம். கடைசியா சொன்னது கோயமுத்தூர், திருப்பூர், ஈரோட்டை விட்டா வெளியூர்க்காரங்க கேள்வியே பட்டிருக்க மாட்டாங்க. மஞ்சள் பவுடர்ல ஆரமைன் ஓ, பச்சையில மாலகைட் கிரீன். வெளித் தேர்வாளர் ஆர்வமாப் படிப்பார். ஆனா எல்லாமே மெடிகோ-லீகல் கேஸ் (போலீசுக்குத் தெரிவிக்க வேண்டியது), அதனால நெறிக்குழு கேள்வி அதிகம் கேக்கும். ரிகார்டு பிரிவு அனுமதியைத் தனியா வாங்கோணும்.

நெறிக்குழுத் தலைவர் அந்தக் கல்லூரி ஆளா இருக்கக்கூடாதுங்கிறது ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழிகாட்டுதல். துறைக்கு வெளியே உங்க பேரும் வேலையும் மொதல்ல தெரிய வர்ற இடம் அதுதான். நல்லாத் தயார் பண்ணிட்டுப் போங்க. மருந்தோ சிகிச்சையோ கொடுத்துப் பாக்கற ஆய்வா இருந்தா முதல் நோயாளியைச் சேர்க்கறதுக்கு முன்னாடியே சி.டி.ஆர்.ஐ. (மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடு) பதிவு முடிஞ்சிருக்கோணும். 2018 ஏப்ரலுக்கு அப்பறம் பின்தேதிப் பதிவே கிடையாது.

கைடு உங்க இஷ்டத்துக்குக் கிடைக்க மாட்டார். கோ-கைடு விஷயத்துல கொஞ்சம் இடம் இருக்கும். பயோகெமிஸ்ட்ரி, கம்யூனிட்டி மெடிசின், நெஞ்சக நோய்னு வேற துறை ஆளா ஒருத்தரைக் கேளுங்க. கைடு ரெண்டு மாசம் ட்ராஃப்டைப் பார்க்கலைன்னா அதை எடுத்துச் சொல்ல இன்னொரு துறைப் பேராசிரியர் இருப்பார்.

தபால் சீல்

புகார் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன். எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கொட்டுவதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு. டியூட்டிக் கணக்கு வேறு, குத்தல் பேச்சு வேறு, சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது வேறு. மூன்றுக்கும் போகும் கதவு வேறு வேறு.

டியூட்டி. பட்டியல் ஒட்டும் நாளன்றே நோட்டீஸ் போர்டைப் படம் எடுங்கள். பின்னால் மாற்றி ஒட்டினால் அதையும் எடுங்கள். நோயாளி பெயர் எதுவும் படத்தில் விழக்கூடாது. மூன்று மாதம் சேர்ந்ததும் கூட்டிப் பாருங்கள். கடிதம் இவ்வளவு போதும்:

"பொருள்: ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான இரவுப் பணிப் பட்டியல் – சமன் செய்யக் கோருதல். மேற்படி மூன்று மாதங்களில் எனக்கு 24 இரவுப் பணிகளும், அதே ஆண்டில் பயிலும் மற்ற மூவருக்கு முறையே 15, 14, 15 பணிகளும் ஒதுக்கப்பட்டுள்ளன. பட்டியல் நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன. அடுத்த மாதப் பட்டியலில் இதனைச் சமன் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

வருத்தம், கோபம், பெயரடை எதுவும் வேண்டாம். எச்.ஓ.டி.க்குக் கொடுத்து, டீன் அலுவலகத் தபால் செக்‌ஷனில் நகல் கொடுங்கள். உங்கள் நகலில் சீல், தேதி, இன்வர்டு நம்பர் மூன்றும் விழ வேண்டும். நம்பர் இல்லாத சீல் பாதிச் சீல்.

விடுப்பும் இதே வகைதான். 2023 முதுநிலை விதிகளின்படி ஆண்டுக்கு 20 நாள் ஊதியத்துடன் தற்செயல் விடுப்பு, 5 நாள் கல்வி விடுப்பு, பணி நெருக்கடி இல்லாதபோது வாரம் ஒரு நாள் ஓய்வு. இது சலுகை இல்லை, விதி. விதி பெயரைக் குறிப்பிட்டு விண்ணப்பியுங்கள்.

குத்தல் பேச்சு. பேசுவது சீனியர் மாணவராக இருந்தால் அது ராகிங். என்.எம்.சி.யின் (தேசிய மருத்துவ ஆணையம்) 2021 ராகிங் தடுப்பு விதிகளில் சாதியைக் காரணமாக வைத்த மனத் துன்புறுத்தலும் அடக்கம். முதுநிலை மாணவருக்குப் பொருந்தாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கல்லூரி ராகிங் தடுப்புக் குழு, அல்லது 1800-180-5522. பேசுவது ஆசிரியர் என்றால் இந்த வழி சரியாகப் பொருந்தாது. டீனுக்கு எழுத்துப் புகார், அங்கே அசைவு இல்லை என்றால் மருத்துவக் கல்வி இயக்குநரகம், மாநில எஸ்.சி., எஸ்.டி. ஆணையம், தேசிய எஸ்.சி. ஆணையம். ஆணையங்களுக்கு ஆளை வரவழைத்து, ஆவணம் கேட்டு விசாரிக்கும் அதிகாரம் உண்டு. முடிவில் தருவது பரிந்துரைதான். ஆனாலும் ஆணையத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் கல்லூரி பதில் எழுதியாக வேண்டும். அந்தப் பதில் தாளில் அவர்கள் என்ன சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள் என்பதுதான் உங்களுக்கு லாபம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989. உங்களுக்கு நேரடியாக வருவது பிரிவு 3(1)(ஆர்), 3(1)(எஸ்). முதலாவது, பொதுப் பார்வையில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதிப்பது, மிரட்டுவது. இரண்டாவது, சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது. "பொதுப் பார்வை" என்ற இடத்தில்தான் பாதி வழக்கு சரிகிறது. பூட்டிய அறைக்குள் நீங்களும் அவரும் மட்டும் இருந்தால் இந்தப் பிரிவுகள் நிற்காது. 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. வார்டு ரவுண்ட்ஸில், நோயாளியின் கூட இருப்பவர், ஸ்டாஃப் நர்ஸ் முன்னால் நடந்தால் நிலைமை வேறு. ஆகவே அன்றைக்கே எழுதிவைக்க வேண்டியது: நேரம், படுக்கை எண், சொன்ன வார்த்தை அப்படியே, யார் யார் நின்றார்கள். அதை அன்று இரவே உங்களுக்கே மின்னஞ்சலாக அனுப்பிக்கொள்ளுங்கள். தேதியை யாரும் மாற்ற முடியாது. "கோட்டாவில் வந்தவன்" என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு போனால், சாதியால் இழிவுபடுத்தும் நோக்கம் இருந்தது என்று நிறுவுவது கடினம். அதே ஆள் அதே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசியதற்குத் தேதிவாரிக் குறிப்பு இருந்தால் நோக்கம் தானாகத் தெரியும்.

2018-இல் சேர்த்த 18ஏ-வின்படி எஃப்.ஐ.ஆருக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை. விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி. ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் இந்தச் சட்டத்துக்கான தனி நீதிமன்றம் நேரடியாகவே வழக்கை எடுத்துக்கொள்ள முடியும்.

வாட்ஸ்அப் குரூப்பில் வந்த பேச்சு என்றால் கோபத்தில் குரூப்பை விட்டு வெளியேறாதீர்கள். சாட்டை எக்ஸ்போர்ட் செய்யுங்கள், போனை மாற்றாதீர்கள். மின்னணு ஆதாரத்துக்கு இப்போது 2023 பாரதிய சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவுச் சான்று வேண்டும். அதற்கு மூல போன் கையில் இருப்பது நல்லது.

இன்னொன்று. புகார் கொடுத்த பிறகு உங்கள் மேல் மெமோ வரும் என்று எதிர்பார்த்தே இருங்கள். "நோயாளி கவனிப்பில் அலட்சியம்" என்று வரும். வாய்மொழிப் பதில் கூடவே கூடாது. கொடுத்த கெடுவுக்குள் எழுத்தில், ஐ.பி. நம்பர், நேரம், யாருக்குத் தகவல் சொன்னீர்கள் என்பதோடு பதில் கொடுங்கள். நைட் டியூட்டியில் சீனியரை அழைத்த நேரத்தைக் கேஸ் ஷீட்டிலேயே எழுதும் பழக்கம் இருந்தால் இந்தப் பதில் பத்து நிமிஷ வேலை.

ஸ்டெத்துக்காரி

தபால் சீல் சார் சொன்னதுல பெரும்பாலும் சரிதானுங்க. ஒரு இடத்துல மட்டும் ஒத்துக்க மாட்டேன். அந்த மாதிரிக் கடிதத்துல சாதியைப் பத்தி ஒரு வார்த்தையும் இல்லை. டியூட்டிக் கணக்குல சாதி காரணம்னு ஏற்கெனவே யாராவது வாய்விட்டுச் சொல்லியிருந்தா, முதல் கடிதத்துலயே அதைத் தேதியோட ஒரு வரியில பதிவு பண்ணிரணும். விட்டுட்டு ஆறு மாசம் கழிச்சுச் சொன்னா, "அப்ப ஏன் சொல்லலை, இது பிற்பாடு யோசிச்சது"ன்னு விசாரணைக் குழுவே கேக்கும். யாரும் எதுவும் சொல்லலை, கணக்கு மட்டும்தான் கோணலா இருக்குன்னா, சார் சொன்னபடி எண்ணை மட்டும் எழுதுங்க.

மும்பை நாயர் ஆஸ்பத்திரி டாக்டர் பாயல் தட்வி 2019 மே மாசம் இறந்தப்போ எல்லாரும் பேசினாங்க. அவங்க மகப்பேறு மருத்துவ முதுநிலை மாணவி, பழங்குடி. வழக்குல குற்றம் சாட்டப்பட்டவங்க மூணு சீனியர் டாக்டர்கள். நம்ம துறைகள்ல நெருக்கடி பெரும்பாலும் பேராசிரியர்கிட்ட இருந்து வர்றதில்லைங்க. ஒரு வருஷம் மூத்தவங்க, ஒரே ரூம்ல தூங்கறவங்ககிட்ட இருந்து வருது. அதனால முதல் மாசமே ஹாஸ்டல்லயும் டியூட்டி ரூம்லயும் ரெண்டு பேர்கிட்டயாவது நல்லாப் பழகி வெச்சுக்கோங்க. அதுல ஒருத்தர் வேற துறையா இருக்கட்டும். தூக்கம் போச்சு, சாப்பாடு இறங்கலைன்னா 14416, டெலி மானஸ் மனநல உதவி எண். இலவசம், தமிழ்ல பேசலாம். கல்லூரிக்குத் தகவல் போகாது.

கறுப்பின டாக்டர்கள் விஷயம். அங்க தோல் நிறம் கதவைத் திறக்கும்போதே தெரிஞ்சிடும். இங்க விசாரிச்சுத்தான் தெரிஞ்சுக்குவாங்க. விசாரிக்கறதுக்குக் கொங்கு நாட்டுல தனி வாய்ப்பாடே இருக்கு. எந்த ஊரு, ஊர்ல எந்தப் பக்கம், என்ன கூட்டம் (குலப் பிரிவு), குலதெய்வம் எங்க, அப்பா தோட்டமா வேலையா. இதெல்லாம் தீர்ந்ததுக்கப்பறம் "நீட் ரேங்க் எத்தனை?" இதுக்குப் பொய் சொல்ல ஆரம்பிச்சா மூணு வருஷம் அதையே காப்பாத்திட்டு இருக்கணும். ஊர்ப் பேரைச் சொல்லிட்டு, "கேஸ் பாக்கலாமுங்களா"ன்னு நகர்ந்துருங்க. ரேங்க் கேட்டாச் சொல்லிருங்க. கட்-ஆஃப் தாண்டித்தானே உள்ள வந்திருக்கீங்க, அதுல மறைக்க என்ன இருக்கு.

ஒட்டற விஷயம் ஒண்ணு: அங்க ஒரு துறைல ஒரே ஒரு கறுப்பின டாக்டர் இருந்தா, பன்முகத்தன்மைக் குழு, மாணவர் சேர்க்கைக் குழு, விழா மேடைன்னு எல்லாத்துக்கும் அவரையே கூப்பிடுவாங்க. பதவி உயர்வுக்கு எண்ணறப்போ அதுக்கெல்லாம் மதிப்பெண் கிடையாது, ஆராய்ச்சிக் கட்டுரைக்குத்தான். இங்கயும் அதேதான். தூய்மைப் பணியாளர் முகாமா, எஸ்.சி. நலக் கூட்டமா, உங்க பேர் தானா வரும். போங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனா அங்க எடுக்கற ஸ்பைரோமெட்ரி (நுரையீரல் திறன்) அளவை எல்லாம் நெறிக்குழு ஒப்புதலோட, மாநகராட்சி அனுமதிக் கடிதத்தோட ஆய்வாக்கிருங்க. அப்ப அந்த முகாம் உங்க கணக்குல ஏறும். முகாம் முடிஞ்சதுக்கப்பறம் ஒப்புதல் கேட்டா எந்தக் குழுவும் கொடுக்காது, மொதல்லயே வாங்கணும்.

இன்னொண்ணு, அவங்க தனியா மல்லுக்கட்டலை. 1910 ஃப்ளெக்ஸ்னர் அறிக்கைக்குப் பின்னாடி கறுப்பினருக்கான மருத்துவக் கல்லூரிகள் ஒவ்வொண்ணா மூடி, வாஷிங்டன் ஹோவர்டும் நாஷ்வில் மெஹாரியும்தான் மிஞ்சுச்சு. அந்த ரெண்டு கல்லூரி மாணவர்கள் சேர்ந்து 1964-ல தொடங்கினதுதான் அவங்க தேசிய மாணவர் சங்கம். சங்கத்தோட அன்றாட வேலையைப் பார்த்தா சாதாரணமாத்தான் இருக்கும்: மூத்தவர் இளையவருக்கு விண்ணப்பம் திருத்திக் கொடுக்கறது, மாதிரி நேர்காணல், போஸ்டர் பார்த்துச் சொல்றது. இதைக் கோவை, சேலம், பெருந்துறை, கரூர், நாமக்கல் பி.ஜி.க்கள் இருபது பேர் ஒரு குரூப் வெச்சே செஞ்சிரலாம். குரூப்ல புலம்பல் ஏறினா வேலை நின்னுரும். புலம்பறதுக்கு வேற குரூப் வெச்சுக்கோங்க.

சித்த பக்கவாட்டுல ஒண்ணு, வார்டுக்கு உபயோகம். பல்ஸ் ஆக்சிமீட்டர் கறுப்புத் தோல்ல ஆக்சிஜனைக் கூட்டிக் காட்டறதை 2020-ல மிச்சிகன் ஆய்வாளர்கள் எடுத்துச் சொன்னாங்க. மீட்டர் 92 முதல் 96 வரைக்கும் காட்டினப்போ, உண்மையில 88-க்கும் கீழ இருந்தவங்க கறுப்பினரில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6. வெயில்ல காஞ்சு கறுத்த நம்ம தோட்டத்து ஆளு 94 காட்டிட்டு மூச்சு வாங்கினா மீட்டரை நம்பி உக்காராதீங்க, ஏ.பி.ஜி. (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) எடுங்க. இதையே தீசிஸா யோசிச்சாலும் தப்பில்லை.

நொய்யல்கரை

ரொம்ப நன்றிங்க. ரெண்டு சந்தேகம். எச்.ஓ.டி. கடிதத்தை வாங்கவே மாட்டேன்னுட்டா? அப்புறம் சர்வீஸ்ல வந்த பி.ஜி. ஒருத்தர் இருக்கார், அவருக்கும் இதே வழிதானா?

தபால் சீல்

கையில் வாங்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம். டீன் அலுவலகத் தபாலில் "வழி: துறைத் தலைவர்" என்று குறித்துக் கொடுத்துவிடுங்கள். அதே நாளில் துறை மின்னஞ்சலுக்கும் ஒரு பிரதி. டீன் அலுவலகமும் தட்டிக்கழித்தால் ஸ்பீட் போஸ்ட், டெலிவரி விவரத்தை அச்சடித்து வைக்கவும்.

சர்வீஸ் ஆள் அரசு ஊழியர். 1973 நடத்தை விதிகள் அவரைக் கட்டும். பத்திரிகைக்கும் யூடியூபுக்கும் போய்ப் பேசினால் பேசிய விஷயத்தை விட்டுவிட்டுப் பேசியதற்கே நடவடிக்கை எடுப்பார்கள். அவர் முறைவழியாக மேலே எழுதட்டும். ஆணையத்துக்கும் காவல் நிலையத்துக்கும் போவதை அந்த விதிகள் தடுக்கவில்லை. நான்-சர்வீஸ் ஆளானாலும் பெயர் போட்டு முதலில் ஃபேஸ்புக்கில் எழுதுவது வேண்டாம். புகார் பின்னால் போய்விடும், அவதூறு வழக்கு முன்னால் வந்து நிற்கும்.

ரோஸ்டர் பாயின்ட்

ஆசிரியர் வேலைக் கேள்விக்கு யாரும் வரவில்லை போல. சொல்கிறேன்.

முதலில் சாதிச் சான்றிதழ். எஸ்.சி.(ஏ) என்பது 2009 சட்டப்படி 18 சதவீதத்துக்குள் 3 சதவீதம். பட்டியலில் உள்ளவை ஏழு: ஆதி ஆந்திரா, அருந்ததியர், சக்கிலியன், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி. சான்றிதழில் இந்த ஏழில் ஒன்று அச்சாகியிருக்க வேண்டும். "ஆதி திராவிடர்" என்று விழுந்திருந்தால் எஸ்.சி. கணக்கில்தான் வருவீர்கள். பள்ளிச் சான்றில் ஒன்று, சாதிச் சான்றில் ஒன்று என்று இருந்தால் இப்போதே தாசில்தாரிடம் சரிசெய்யுங்கள். சான்று சரிபார்ப்பு நாளில் அதற்கு நேரம் கிடைக்காது. அகில இந்தியப் பணிகளில் (ஏ) கிடையாது, மொத்தமாக எஸ்.சி. 15 சதவீதம்.

தமிழ்நாட்டு அரசுப் பணியில் நுழைவு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) வழியாக, உதவி மருத்துவர் பதவியில். கணினித் தேர்வோடு தமிழ்த் தகுதித் தாளும் உண்டு. ரோஸ்டர், அதாவது இனச் சுழற்சி, 200 புள்ளி: எஸ்.சி. 30, எஸ்.சி.(ஏ) 6, எஸ்.டி. 2. ஒரு துறைக்கு மூன்று நான்கு இடம் மட்டும் வரும்போது எந்தப் புள்ளியில் சுழற்சி நிற்கிறது என்பதுதான் உங்கள் தலையெழுத்து. ஆனால் பொதுப் போட்டியில் வரும் மதிப்பெண் எடுத்தால் உங்களைப் பொது இடத்தில்தான் கணக்கிட வேண்டும், ஒதுக்கீட்டு இடம் அடுத்தவருக்குப் போகும். பட்டியல் வந்ததும் இதைச் சரிபாருங்கள். தவறு நடந்தால் ஆட்சேபணைக் கெடு சில நாள்தான்.

தகுதி விதி என்.எம்.சி.யுடையது. எம்.டி. முடித்து அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் ஒரு வருடம் சீனியர் ரெசிடென்ட், பிறகு அசிஸ்டென்ட் ப்ரொபசர். 2025 விதிகளில் இன்னொரு வாசலும் திறந்தது: 220 படுக்கையோ அதற்கு மேலோ உள்ள அரசு மருத்துவமனையில் முதுநிலைப் பட்டத்தோடு இரண்டு வருட அனுபவம் இருந்தால் சீனியர் ரெசிடென்ட் இல்லாமலும் வரலாம். ஆகவே பாண்ட் (படிப்பு முடித்தபின் கட்டாய அரசுப் பணி) பணியிடம் கேட்கும்போது படுக்கை எண்ணிக்கையைப் பார்த்துக் கேளுங்கள். அசோசியேட் ஆக நாலு வருடமும் இரண்டு கட்டுரையும் வேண்டும். கேஸ் ரிப்போர்ட் அந்தக் கணக்கில் சேராது. மூல ஆய்வு, மெட்டா அனாலிசிஸ், சிஸ்டமேட்டிக் ரிவ்யூ, கேஸ் சீரிஸ் இவைதான், அதுவும் பப்மெட் சென்ட்ரல், ஸ்கோபஸ் போன்ற அட்டவணைகளில் உள்ள இதழில். மூவாயிரம் ரூபாய் கட்டினால் ஒரே வாரத்தில் போட்டுத் தருகிறோம் என்று மெயில் வரும் இதழ்களை ஒதுக்குங்கள். பிற்பாடு பேராசிரியர் பதவிக்குப் போகும்போது அந்தப் பணமும் உழைப்பும் குப்பைதான்.

எம்.டி. படிக்கும்போதே கட்டாயமாக முடிக்க வேண்டியது ஆராய்ச்சி முறையியல் படிப்பு, ஆய்வு நெறி, பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். (இதய உயிர்காப்புப் பயிற்சிகள்). முதல் வருடத்திலேயே முடியுங்கள். தேர்வு எழுதவே மாநாட்டுப் போஸ்டர், மேடை உரை, முதல் ஆசிரியராக ஒரு கட்டுரை இவற்றில் குறைந்தது ஒன்று வேண்டும். எல்லாரும் போஸ்டரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆசிரியர் எண்ணம் இருந்தால் தீசிஸிலிருந்து கட்டுரையை எடுத்தே ஆகணும். அதில் பெயர் வரிசையைச் சினாப்சிஸ் கட்டத்திலேயே கைடிடம் பேசி மின்னஞ்சலில் உறுதி வாங்குங்கள். தரவை எக்ஸெல் மாஸ்டர் சார்ட்டாகக் கொடுத்தபின் பெயர் மூன்றாவது இடத்துக்குப் போவது சாதி பார்த்து மட்டும் நடப்பதில்லை. ஆனால் பின்னால் ஆள் இல்லாதவருக்கு அதிகம் நடக்கும்.

டி.எம். (எம்.டி.க்கு மேற்பட்ட சூப்பர் ஸ்பெஷாலிட்டி படிப்பு) ஆசை இருந்தால் தெரிந்துகொள்ளுங்கள்: சூப்பர் ஸ்பெஷாலிட்டியில் சாதி ஒதுக்கீடு கிடையாது. 1999 ப்ரீத்தி ஸ்ரீவத்சவா தீர்ப்பிலிருந்து அப்படித்தான். தமிழ்நாட்டில் அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு 50 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. ஆகவே நான்-சர்வீஸ் ஆள் முதலில் எம்.ஆர்.பி. எழுதிப் பணியில் சேர்ந்து, அங்கிருந்து டி.எம். போவது கணக்காக நல்ல வழி. வருடங்கள் கூடுதலாகும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் வார்டு

ரோஸ்டர் விவரத்தை ஆர்.டி.ஐ.ல கேக்கறப்போ ஒண்ணு கவனிச்சுக்கோங்க. "ஏன் எனக்கு இடம் தரலை"ன்னு கேட்டா "தகவல் வரையறைக்குள் வராது"ன்னு ஒரு வரியில திருப்பிருவாங்க. காரணம் கேக்காதீங்க, காகிதம் கேளுங்க. "பொது மருத்துவத் துறை நேரடி நியமன இனச் சுழற்சிப் பதிவேட்டின் நகல், கடைசி மூணு நியமன ஆண்டுகளுக்கு"ன்னு எழுதுங்க. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர்னு முகவரி. 30 நாள்ல பதில் வரலைன்னா அடுத்த 30 நாளைக்குள்ள முதல் மேல்முறையீடு. டியூட்டிப் பட்டியல் நகலையும் இதே மனுவுல சேர்க்காதீங்க, அது வேற அலுவலகம். ரெண்டும் ஒண்ணாப் போனா ஒண்ணைக் காட்டி இன்னொண்ணை இழுத்தடிப்பாங்க.